வெள்ளைச் சட்டை வேண்டாமே!

ஒரு பாட்டி தன் பேரனைப் படம் எடுக்கிறாள். பிரதி போட்டு, சிநேகிதர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பி வைக்கிறாள். நம் வீடுகளில் இதற்கு என்ன பதில் வரும்? "குழந்தை கொள்ளை அழகு! சாயங்காலம் மறக்காமல் திருஷ்டி சுற்றிப் போடுங்கள்" என்று வரும். அத்துடன் கதை முடிந்தது.

இங்கிலாந்தில், 1860-களின் நடுவில், ஒரு பாட்டிக்கு வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. பதில் எழுதியவர் ஜார்ஜ் ஃபிரடெரிக் வாட்ஸ் என்ற பெயர் பெற்ற ஓவியர். முகங்கள் எல்லாம் தெய்விகமாக இருக்கின்றன என்று முதலில் மனதாரப் பாராட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பேரனை இன்னும் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவு செய்து மஞ்சள் சாயலான துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்துப் போடுங்கள்; இந்த வெள்ளைச் சட்டை உருவமே இல்லாத வெறும் திட்டாக விழுந்து படம் முழுவதையும் கெடுக்கிறது; ஓவியத்தில் பொறுக்க முடியாதது புகைப்படத்திலும் பொறுக்க முடியாதுதான் என்று எழுதினார்.

படத்தைப் பற்றிச் சிநேகிதர் ஒருவர் சொல்லக்கூடியவற்றில் இதைவிடப் பிரயோசனமான வார்த்தை இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். எது சரியில்லை, ஏன் சரியில்லை, என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. தையற்காரியைக் கூப்பிட்டு அளவு கொடுக்க வேண்டியதுதான் பாக்கி!

அந்தப் பாட்டியின் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். கேமரன் என்ற பெயருக்கும் காமிராவுக்கும் சம்பந்தம் ஏதும் கிடையாது. ஆனால் பெயர் வைத்த விதி கொஞ்சம் குறும்புக்கார விதி என்று தோன்றுகிறது.

நமக்கு அவர் முற்றிலும் அந்நியரும் அல்ல. பிறந்தது 1815-ல், கல்கத்தாவில். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட நிபுணர். மனைவியைவிட இருபது வயது மூத்தவர். இலங்கையில் பள்ளிக்கூடம் படித்தவர்கள் "கோல்புரூக் - கேமரன் சீர்திருத்தம், 1833" என்று சரித்திரப் பாடத்தில் நெட்டுருப் போட்டிருப்பார்கள். அந்தக் கேமரன்தான் இவர். இலங்கையில் காப்பித் தோட்டங்களும் வாங்கிப் போட்டிருந்தார். 1860-ல் குடும்பம் ஆங்கிலக் கடற்கரைக்கு அப்பால் வைட் தீவில், ஃபிரஷ்வாட்டர் என்ற ஊரில் வீடு வாங்கியபோது, அதற்கு வைத்த பெயர் "டிம்போலா". மலைநாட்டுத் தோட்டத்தின் பெயரே கடல் கடந்து போய் வீட்டு வாசலில் ஏறிக்கொண்டது.

1863-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். குழந்தைகளும் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டுமே என்று மகளும் மாப்பிள்ளையும் ஒரு காமிராவை வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. "இந்த வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்க அங்கேயும் நாலு பேர் இருந்திருப்பார்கள். அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோழிகளை வெளியே விட்டுவிட்டுக் கண்ணாடிக் கூரை போட்ட கோழிக் கூட்டைப் படம் எடுக்கும் அறையாக்கினார். நிலக்கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆயிற்று.

அந்தக் காலத்துக் காமிரா வேலையைச் சற்றே சொல்ல வேண்டும். இப்போது மாதிரி விரலால் தொட்டால் படம் விழுகிற சமாசாரம் அல்ல. ஏறக்குறைய ஒரு அடி நீளமுள்ள கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஊற்ற வேண்டும். அதை இருட்டில் வெள்ளி உப்பு கரைத்த நீரில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஓடிப்போய்க் காமிராவில் பொருத்தி, எதிரே இருப்பவரைச் சில நிமிஷம் - மூன்று, ஐந்து, சமயத்தில் ஏழு கூட - அசையாமல் இருக்கச் சொல்லி, மறுபடி ஈரம் காய்வதற்குள் இருட்டறைக்கு ஓடி வந்து கழுவ வேண்டும். தண்ணீர் கிணற்றிலிருந்து குடம் குடமாக வர வேண்டும். வெள்ளி உப்பு பட்ட விரல்களும் மேஜை விரிப்பும் கறுத்துப் போகும். எந்தச் சோப்புக்கும் மசியாது. அம்மாள் எடுத்த முதல் படம், ஊர் விவசாயி ஒருவருடையது. ஈரமாக இருந்த பக்கத்தில் கையைத் தேய்த்து அதைத் தாமே அழித்துவிட்டார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக விழுந்தபோது, வீடு முழுவதும் ஓடி அந்தக் குழந்தைக்குக் கொடுக்கப் பரிசுகள் தேடினாராம். முதல் வெற்றி அது.

ஆனால் ஆட்களின் சாயலைப் பிடித்துவிடுவதோடு அவர் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. பக்தி, பொறுமை, சாந்தம், சுதந்திரம் - இவற்றையெல்லாம் காமிராவுக்கு முன்னால் உட்கார வைக்க முடியுமா? முடியும் என்றார். கிறிஸ்தவ வேதம் சொல்லும் ஆவியின் ஒன்பது கனிகளுக்கு 1864-ல் ஒன்பது படங்கள் எடுத்தார். கருத்துப் படம் என்று இதைச் சொல்லலாம். ஒருவரைப் போல் இன்னொருவரை வேஷம் கட்டி நிறுத்துவது பாதிதான். பார்ப்பவர் மனதில் அந்தக் குணம் எழ வேண்டும் என்பது மீதிப் பாதி. முதல் பாதிக்குத் துணிமணி போதும். மீதிப் பாதியில்தான் எல்லோரும் இடறி விழுகிறோம்.

அவருக்குக் கிடைத்த நடிகர்கள் யார் தெரியுமா? வீட்டு வேலைக்காரிகள், அக்கம்பக்கத்துக் குழந்தைகள், தபால் கொண்டுவந்தவர்கள், பார்க்க வந்த விருந்தாளிகள்! மேரி ஹில்லியர் என்ற வேலைக்காரப் பெண் தேவமாதாவாக எத்தனையோ படங்களில் நின்றிருக்கிறாள். ஊரார் அவளை "மேரி மடோன்னா" என்றே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொரு மேரியின் கதையைச் சொல்லாமல் போனால் நம் வாசகிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மேரி ரயன் என்ற ஐரிஷ் பெண், தாயோடு தெருவில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்தவள். கேமரன் அம்மாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, எழுதப் படிக்க வைத்து, வேலையும் கொடுத்துப் படங்களிலும் நிறுத்தினார். லண்டனில் நடந்த படக் காட்சியில் ஓர் இளைஞர் அவளைப் பார்த்தார். அவள் கையால் எழுதிக் கொடுத்த ரசீதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனவர், பிறகு நேரே ஃபிரஷ்வாட்டருக்கு வந்து பெண் கேட்டார். 1867-ல் கல்யாணம் நடந்தது. அந்த இளைஞர் ஹென்றி காட்டன். நமது கும்பகோணத்தில் 1845-ல் பிறந்தவர்! ஐ.ஸி.எஸ். உத்தியோகத்தில் அஸ்ஸாமின் தலைமைக் கமிஷனர் வரை உயர்ந்து, 1904-ல் பம்பாயில் கூடிய இந்தியத் தேசிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். தெருவில் நின்ற பெண் லேடி காட்டன் ஆனாள். ஒரு படத்தினால் இவ்வளவும் நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறதே!

சரி, அபிப்பிராயங்களுக்கு வருவோம். கேமரன் அம்மாளுக்கு அவை பஞ்சமில்லாமல் கிடைத்தன. எல்லாம் மஞ்சள் சட்டையைப் போல இதமானவை அல்ல.

1864-ல் ஃபிரஷ்வாட்டருக்கு இன்னொரு பொழுதுபோக்குப் படக்காரர் வந்தார். கணித வாத்தியார், "ஆலிஸின் அற்புத உலகம்" எழுதப் போகிறவர், லூயி கரோல் என்ற புனைபெயர்க்காரர். இருவரும் தங்கள் தங்கள் படக் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் காட்டினார்கள். அவர் படங்கள் ஊசி முனை போலத் துல்லியமானவை. அம்மாளுடையவை பனியில் பார்த்த மாதிரி மங்கலானவை. உங்கள் ஆட்கள் எனக்குக் கிடைத்திருந்தால் மங்கலாக எடுத்திருப்பேனே என்று அம்மாள் ஆதங்கப்பட்டார். உங்கள் ஆட்கள் சிலரைப் பற்றி எனக்கும் அதே வருத்தம்தான் என்றார் வந்தவர். சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார்கள். பிறகு அவர் தம் சகோதரிக்குக் கடிதம் எழுதும்போது, சில படங்கள் அழகு, சில பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதிவிட்டார். நேரில் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று என்பது எல்லாத் தேசத்துக்கும் பொதுப் பழக்கம்.

புகைப்படச் சங்கத்தின் பத்திரிகை முகத்துக்கு நேரேயே சொன்னது. 1865-ல் அது எழுதிய விமரிசனத்தின் சாரம்: அம்மாளுக்குத் துணிச்சல் இருக்கிறது, புதுமை இருக்கிறது, புகைப்படத்துக்கு வேண்டிய மற்ற லட்சணங்கள் எல்லாம் அதற்குப் பலியாகிவிட்டன. சங்கத்தார் பலர் ரசாயனத்திலும் லென்ஸிலும் பழுத்த அனுபவசாலிகள். அவர்கள் கண்ணுக்கு விரல் ரேகை தெரிந்தது, கீறல் தெரிந்தது, தூசி தெரிந்தது, முகம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி நெகடிவ் உடைந்துபோன பின்னும் அதிலிருந்து "ஸாஃபோ" என்ற படத்தை அம்மாள் பிரதி போட்டிருக்கிறார் என்றால், அவர்கள் எப்படித் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அம்மாள் எதைக் கேட்டார், எதைத் தள்ளினார் என்பதுதான் சுவாரஸ்யம்.

மங்கலை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஃபோகஸ் செய்து வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவாராம். மற்றவர்களைப் போல இன்னும் திருகித் திருகிக் கூர்மையாக்குவதில்லை. இதுதான் சரியான ஃபோகஸ் என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்று 1864 கடைசியில் சர் ஜான் ஹெர்ஷலுக்கே எழுதிக் கேட்டார். அது வீம்பு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படத்தின் கருத்தே அந்த மங்கலில்தான் இருக்கிறது. தேவமாதாவின் சட்டையில் பித்தான் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும்படி எடுத்தால், அவள் வேலைக்கார மேரியாகி விடுவாள். எந்த யோசனை படத்தின் உயிரைத் தொடுகிறதோ, அதைப் படம் எடுத்தவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ரசாயனம் வேறு விஷயம். அதில் சொல் கேட்டார், தேடிப் போயும் கேட்டார். ஹெர்ஷல் வானசாஸ்திரி, படத்தை நிலைக்க வைக்கும் "ஹைப்போ" உப்பின் குணத்தைக் கண்டுபிடித்தவர். 1836-ல் நன்னம்பிக்கை முனையில் ஏற்பட்ட சிநேகிதம். 1842-லேயே, அம்மாள் கல்கத்தாவில் இருந்த நாளில், புதிதாகப் பிறந்த புகைப்படக் கலையின் மாதிரிகளை அனுப்பி வைத்தவர் அவர்தான். அம்மாள் பொட்டாசியம் சயனைடு கரைசலைக் கையில் வழிய வழிய ஊற்றிப் படம் கழுவுகிறார் என்று தெரிந்ததும், அது கொடிய விஷம், எச்சரிக்கையாக இருங்கள் என்று பதறி எழுதினார். படத்தைப் பற்றிய அபிப்பிராயத்தைவிடப் படம் எடுப்பவரின் உயிர் பெரிது அல்லவா?

1869-ல் இன்னொரு சங்கடம். அருமையான நெகடிவ்களின் மேல் வார்னிஷ் பூச்சு தேன்கூடு போல வெடித்து, கோடு கோடாகப் பிளந்தது. முன்பு கடுமையாக விமரிசித்த அதே புகைப்படச் சங்கத்தின் கூட்டத்துக்கு அம்மாளே போய்ப் பரிகாரம் கேட்டார். போதுமான அளவு கழுவாததால் இருக்கலாம் என்றும், கடற்காற்றின் ஈரம் காரணமாக இருக்கலாம் என்றும் பேச்சு நடந்தது. படத்தைப் பழித்தவர்கள் என்பதற்காக அவர்களிடம் போக மாட்டேன் என்று அவர் முறுக்கிக்கொள்ளவில்லை. ரசாயனம் அவர்களுக்குத் தெரியும்; தெரிந்தவர்களிடம் கேட்டார்.

ஓவியர் வாட்ஸ் வேறு ஓர் உபகாரமும் செய்தார். (இவர் அம்மாளின் சகோதரி வீட்டுக்குச் சில நாள் விருந்தாளியாக வந்து, இருபது வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டவர். நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட விருந்தாளிகள் உண்டு. ஆனால் மாமாங்களில் யாரும் ஓவியர் இல்லை.) அட்டையில் ஒட்டிய நல்ல பிரதிகளை எனக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்காதீர்கள், குறையுள்ள, ஒட்டாத பிரதிகளை அனுப்புங்கள், அதைப் பார்த்தே என்னால் சொல்லிவிட முடியும் என்று எழுதினார். அம்மாள் அப்படியே செய்தார். அவரிடம் இருந்த 67 படங்கள் லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் மியூஸியத்தில் இருக்கின்றன என்பது சில வருஷங்களுக்கு முன்தான் கண்டறியப்பட்டது. கறை பட்டவை, கீறல் விழுந்தவை, நெகடிவிலேயே ஊசியால் சுரண்டிப் பார்த்த பரீட்சைகள் எல்லாம் அவற்றில் உண்டு. இன்னொருவருக்குக் காட்டத் தயங்கும் படத்தைத்தான் காட்ட வேண்டும் என்று அந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. முடிந்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டிய படத்துக்கு அபிப்பிராயம் கேட்டு என்ன பயன்? ஆணி அடித்த பிறகு யாரும் மாற்றப் போவதில்லை.

மஞ்சள் சட்டையின் ரகசியத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கொலோடியன் தகட்டுக்கு எல்லா நிறமும் ஒன்றல்ல. நீலமும் ஊதாவும் உடனே உறைக்கும். மஞ்சளும் சிவப்பும் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. வெள்ளைத் துணியில் நீல வெளிச்சமும் அடக்கம். ஆகையால் அது தகட்டில் முதலில் பாய்ந்து விழுந்து, முகம் பதிவாகிற நேரத்துக்குள் மடிப்பும் சுருக்கமும் தெரியாத சுண்ணாம்புத் திட்டு ஆகிவிடும். மஞ்சள் சாயல் ஏறிய துணியோ அடக்கமாக, மடிப்போடு பதியும். வாட்ஸ் கண்ணால் பார்த்துச் சொன்னதற்குப் பின்னால் இத்தனை சாஸ்திரம் இருக்கிறது.

1866-ல் அம்மாள் பெரிய காமிராவுக்கு மாறினார். தகடு பதினைந்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு. அந்த வருஷம் எடுத்த படம் ஒன்று: மலைத் தேவதையாகச் சுதந்திரம். தலைப்பு மில்டனின் கவிதையிலிருந்து எடுத்தது. சுதந்திரம் என்ற கருத்தைக் காட்ட நாமானால் என்ன செய்வோம்? உடைந்த சங்கிலி, பறக்கும் புறா, தூரத்தில் உதய சூரியன் என்று சாமான்களாக அடுக்குவோம். அம்மாளின் முதல் வருஷத்துப் படங்களிலும் அந்தச் சாயல் உண்டு. ஆள் மேல் ஆள், துணி மேல் துணி. இந்தப் படத்தில் அவை ஒன்றுமே இல்லை. ஒரு பெண்ணின் முகம். இருபுறமும் அவிழ்ந்து தொங்கும் கூந்தல். நேரே உங்களைப் பார்க்கும் கண்கள். அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பெண் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் காமிராவை நேருக்கு நேர் பார்ப்பதே போதுமான சுதந்திரம்! ஹெர்ஷலுக்குப் பிரதி போயிற்று. உயிரோடு காகிதத்திலிருந்து தலையை வெளியே நீட்டுகிறாளே என்று அவர் வியந்து எழுதினார். பெர்லினில் 1865-ல் வெண்கலப் பதக்கம் பெற்றவர், 1866-ல் அதே ஊரில் தங்கப் பதக்கம் பெற்றார்.

இதெல்லாம் சீமைக் கதை. நமக்கு என்ன என்கிறீர்களா? இன்று காமிரா இல்லாத வீடு ஏது? கைப்பேசியோடு அது சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. படம் எடுக்கிற பெண்கள் பெருகிவிட்டார்கள். படத்தைப் பார்த்து உருப்படியாக ஒரு வார்த்தை சொல்கிறவர்கள்தான் பெருகவில்லை.

கற்பனையாக ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். "காத்திருத்தல்" என்ற கருத்து. ஓர் இல்லத்தரசி, வீட்டுக் கூடத்தில் மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, கன்னத்தில் கை வைக்கச் சொல்லி எடுத்திருக்கிறார். தலைக்கு மேலே குழல் விளக்கு. பின்னால் சுவரில் நகைக் கடைக் காலண்டர். பக்கத்து ஸ்டூலில் எவர்ஸில்வர் செம்பு. படம் எடுக்கிற சிநேகிதிகள் மூன்று பேரிடம் தலைப்பைச் சொல்லாமல் காட்டுகிறார்.

தலைப்பைச் சொல்லாமல் காட்டியதுதான் முதல் கெட்டிக்காரத்தனம். "காத்திருத்தல்" என்று சொல்லிவிட்டுக் காட்டினால், "ஆமாம், ஆமாம், காத்திருக்கிறார்" என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். சொல்லாததால், ஒருத்தி, "உங்கள் மாமியாருக்குத் தலைவலியா?" என்று கேட்டுவிட்டாள். மனசு சுருக்கென்றாலும், அந்தக் கேள்வி ஆயிரம் பொன் பெறும். கன்னத்தில் வைத்த கை, காத்திருப்பைச் சொல்லவில்லை, வலியைச் சொல்கிறது. இரண்டாமவளின் கண் முதலில் போய் நின்றது காலண்டரில் சிரிக்கும் பெண்ணின் ஆரத்தில். மூன்றாமவள் கொஞ்சம் விவரம் தெரிந்தவள். செம்பில் குழல் விளக்கு பளீரென்று விழுந்து கண்ணைப் பறிக்கிறது என்றாள். வாட்ஸின் வெள்ளைத் திட்டு நூற்று அறுபது வருஷம் கழித்து எவர்ஸில்வராக வந்து உட்கார்ந்திருக்கிறது! நம் காமிராக்களுக்கு மஞ்சளும் நன்றாகவே தெரியும். ஆனால் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் வெள்ளை வேஷ்டியும் பாத்திரமும் இன்றைக்கும் விவரம் இழந்த திட்டாகத்தான் விழுகின்றன. கைப்பேசித் திரையில் அந்தப் பளீரென்ற இடத்தை விரலால் தொட்டால் பெரும்பாலும் படம் அடங்கி வரும். அல்லது செம்பை உள்ளே எடுத்து வைத்துவிடலாம். அது இன்னும் சுலபம்.

மறு நாள் சாயங்காலம். விளக்கை அணைத்தாயிற்று; ஜன்னல் வெளிச்சம் மட்டும். காலண்டர் போயிற்று. கன்னத்தில் இருந்த கை மடிக்கு வந்துவிட்டது. மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். இப்போது படம் எவ்வளவோ தேவலை. ஆனால் ஒரு சிநேகிதி, "கடிதம் வந்துவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறார்?" என்றாளாம். ஆஹா! கடிதம் கையில் இருந்தால் காத்திருத்தல் முடிந்துவிட்டது என்று அர்த்தமாகிறது. கடிதத்துக்குப் பதில் என்ன? சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு. ஒன்று சாப்பிட்டு முடித்தது, மற்றது மூடி வைத்தது. மூடிய தட்டுக்குப் பக்கத்தில் மாமியாரின் கை மட்டும். முகம் கூட வேண்டாம். (மாமியாருக்கு இது பிடிக்காது. இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்தது வீணா என்பார். அவருக்குத் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும்.)

மூன்று சிநேகிதிகளும் மூன்று விதமாகச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது? பரிகாரம் எதுவாக இருந்தாலும், வியாதியைப் பற்றி அவர்கள் சொல்வதை நம்பலாம். காலண்டர் கண்ணை இழுக்கிறது என்றால் இழுக்கிறதுதான். அதில் வாதம் கிடையாது. காலண்டருக்குப் பதில் ரவி வர்மா படத்தை மாட்டு என்றால், அது அவளுடைய படம், உங்களுடையது அல்ல. தவிர, ஒரு தடவைக்கு ஒன்றை மாற்றுவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது குணம் கொடுத்தது என்றே தெரியாது. நாலு கஷாயத்தைக் கலந்து குடித்தவன் கதைதான். பழைய படங்களை அழித்துவிடவும் வேண்டாம். பத்து நாள் கழித்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிநேகிதிகள் சொன்னதில் எது உண்மை என்று கண்ணே சொல்லும்.

அபிப்பிராயம் சொல்கிற பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "பிரமாதம்" என்பது மரியாதைதான், உபயோகம் இல்லை. "மோசம்" என்பதும் அப்படியே. "என் கண் முதலில் இங்கே போயிற்று" என்று விரல் வைத்துக் காட்டுங்கள். எடுத்தவள் அன்றைக்குக் கோபித்துக்கொண்டாலும், மறு நாள் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேமரன் அம்மாளின் கடைசிக் காலம் நம் பக்கத்திலேயே கழிந்தது. 1875-ல் கணவரும் அவரும் இலங்கைக்குக் குடியேறினார்கள். அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ என்று சவப் பெட்டிகள் இரண்டைக் கையோடு கப்பலில் ஏற்றி வந்தார்கள்! முன் யோசனைக்கு இதைவிட உதாரணம் கிடையாது. இலங்கையில் அவர் எடுத்த படங்கள் மிகச் சில. பிரதியை அனுப்பிவிட்டு நாலு நாளில் பதில் எதிர்பார்க்க முடியாத தூரம். வாட்ஸ் கடலுக்கு அப்பால் இருந்தார்; ஹெர்ஷல் 1871-லேயே காலமாகிவிட்டார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அம்மாள் கண்ணை மூடினார். பொகவந்தலாவையில் மாதா கோவில் தோட்டத்தில் சமாதி இருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1877-ல், களுத்துறையில் அவர் வீட்டுக்கு மரியன் நார்த் என்ற ஆங்கிலப் பெண்மணி வந்தார். உலகமெல்லாம் சுற்றிச் செடி கொடிகளை வரைந்த ஓவியர். ஓவியரைக் கண்டதும் அம்மாளுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. காஷ்மீர்ச் சால்வைகளைப் போர்த்தினார், கூந்தலை அவிழ்த்துத் தொங்கவிட்டார், தென்னங்கீற்றுகளுக்கு நடுவில் நிறுத்தினார். நடுப்பகல் வெயில், உஷ்ணமானி 96 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. இயல்பாக இருங்கள் என்று வேறு உத்தரவு! அம்மாள் தகட்டின் மேல் தகடாக எடுத்துத் தள்ளினார். பின்னால் நார்த் தம் சரித்திரத்தில் அந்தப் படங்களைப் பற்றித் தம் அபிப்பிராயத்தை எழுதி வைத்தார். இத்தனை பாடுபட்டும் பலனில்லை. மிகச் சாதாரணமான, ரஸமே இல்லாத ஒரு பெண்பிள்ளைதான் கண்ணாடியில் விழுந்தாள். முகஸ்துதி செய்ய அந்தக் கண்ணாடி அடியோடு மறுத்துவிட்டது என்று.